புரோஸ்டாகிளாண்டினும் கரு பதிதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவிடாய் வலிக்கு என்ன காரணம் என்று கேட்டால் மருத்துவர் சொல்லும் பெயர் புரோஸ்டாகிளாண்டின். நாள் கடந்தும் பிரசவ வலி எடுக்காத பெண்ணுக்குக் கருப்பை வாயில் வைக்கும் ஜெல்லும் அதுதான். ஆகவே கருப்பைக்குள் இருப்பதை வெளியே தள்ளுவது ஒன்றே அதன் தொழில் என்ற எண்ணம் படிந்துவிட்டது. குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் மிரளுகிறார்கள். ஆனால் கரு வந்து ஒட்டுவதற்குமுன் கருப்பையின் உட்சுவரைப் பண்படுத்துவதிலும் இதற்குப் பங்குண்டு. மாணவர்களும், சிகிச்சையில் இருப்பவர்களும், சில சமயம் மாமியார்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

புரோஸ்டாகிளாண்டின் ஒரு ஹார்மோனா?

ஹார்மோனுக்குப் பங்காளி என்று சொல்லலாம். இன்சுலினும் ஈஸ்ட்ரோஜனும் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தில் பயணம் செய்து, வேறோர் இடத்தில் வேலை செய்கின்றன. புரோஸ்டாகிளாண்டின் அப்படி ஊர் விட்டு ஊர் போவதில்லை. எந்த வயலில் விளைந்ததோ அந்த வயலிலேயே செலவாகிவிடும் நெல் அது. தப்பித்து இரத்தத்தில் கலந்தாலும், நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் அதன் பெரும்பகுதி சிதைக்கப்பட்டுவிடும்.

இது கொழுப்பிலிருந்து பிறக்கிறது. உயிரணுவின் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற 20 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம் கட்டுண்டு கிடக்கிறது. பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி அதை வெட்டி எடுக்கிறது. அடுத்து சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாகக் காக்ஸ், அதைப் பொதுவான ஒரு மூலப்பொருளாக மாற்றுகிறது. அந்த மூலப்பொருளிலிருந்து அந்தந்தத் திசு தனக்கு வேண்டியதை வார்த்துக்கொள்கிறது. நம் கதைக்கு மூன்று பேர் முக்கியம்: பி.ஜி.ஈ.2, பி.ஜி.எஃப்.2 ஆல்ஃபா, புரோஸ்டாசைக்ளின் என்கிற பி.ஜி.ஐ.2.

காக்ஸ் நொதியில் இரண்டு வகை உண்டு. காக்ஸ்-1 பல திசுக்களில் எப்போதும் இருக்கிறது. காக்ஸ்-2 பெரும்பாலும் தூண்டினால்தான் தலைகாட்டும். கரு பதிதலின் கதை பெரும்பாலும் காக்ஸ்-2-இன் கதை.

பெண்ணின் கருப்பையில் வேலை செய்யும் பொருளுக்கு ஏன் ஆணின் புரோஸ்டேட் சுரப்பியின் பெயர்?

தவறான விலாசம்தான் காரணம். 1930-இல் நியூயார்க்கில் குர்ஸ்ராக், லீப் என்ற இருவர், கருப்பைத் தசைத் துண்டின்மீது விந்துத் திரவம் பட்டால் அது சில சமயம் சுருங்குகிறது, சில சமயம் தளர்கிறது என்று கண்டார்கள். 1935-இல் ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர், இந்தப் பொருள் புரோஸ்டேட்டிலிருந்து வருகிறது என்று எண்ணிப் பெயர் சூட்டினார். உண்மையில் அது பெரும்பாலும் விந்துப்பையில் சுரக்கிறது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இவற்றை ஆராய்ந்ததற்காக பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன், ஜான் வேன் ஆகிய மூவருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பிரின் வேலை செய்வது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதன் மூலம்தான் என்று 1971-இல் காட்டியவர் வேன்.

முதல் ஆய்விலேயே "சுருங்குகிறது, தளர்கிறது" என்று இரண்டும் பதிவாகியிருப்பதைக் கவனியுங்கள். பின்னால் வந்தவர்கள் சுருங்குவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

கரு எந்த நாளில் பதிகிறது?

கருவுறுதல் கருக்குழாயில் நடக்கிறது. நான்கைந்து நாளில் கரு உருண்டு கருப்பைக்குள் வந்து, கருக்கோளம் என்ற நிலையை அடைந்து, வெளி உறையைக் கழற்றிவிட்டு ஒட்ட இடம் தேடுகிறது. கருப்பை எல்லா நாளும் கதவைத் திறந்து வைத்திருப்பதில்லை. 28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 20 முதல் 24-ஆம் நாள் வரைதான் உட்சுவர் கருவை ஏற்கும். அதற்கு முன் போனாலும் பின் போனாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

1999-இல் அமெரிக்காவில் வில்காக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி மேற்கோள் காட்டுவேன். பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்து, கரு பதியும்போது சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் முதலில் தென்பட்ட நாளைக் கரு பதிந்த நாளாகக் கொண்டார்கள். ஆறு வாரமாவது நீடித்த 141 கர்ப்பங்களில் 118, கருமுட்டை வெளியான 8, 9, 10-ஆம் நாள்களில் பதிந்தவை. ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 சதவீதம் தொடக்கத்திலேயே கலைந்தன. பத்தாம் நாளில் பதிந்தவற்றில் இது 26 சதவீதம், பதினோராம் நாளில் 52, அதற்கும் பிந்தினால் 82. ஒரு நாள் தாமதத்துக்கு இவ்வளவு விலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் எலிகளின் கதை இன்னும் நன்றாக விளங்கும்.

"கருப்பை தயாராகிறது" என்கிறார்கள். என்னதான் தயாராகிறது?

முதலில் ஈஸ்ட்ரோஜன் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. பிறகு புரோஜெஸ்டிரோன் அதன் வளர்ச்சியை நிறுத்தி, குணத்தை மாற்றுகிறது. இவை இரண்டும் மேலிடத்து உத்தரவுகள். உத்தரவைக் களத்தில் நிறைவேற்றுகிற பல கைகளில் ஒன்று புரோஸ்டாகிளாண்டின்.

அது செய்யும் வேலைகளில் கண்ணால் பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. கர்ப்பமான எலிக்கோ சுண்டெலிக்கோ சரியான நேரத்தில் இரத்தக் குழாயில் நீலச் சாயத்தைச் செலுத்திவிட்டுச் சில நிமிடம் கழித்துக் கருப்பையைத் திறந்து பார்த்தால், நீளமான கருப்பைக் கொம்பில் நூலில் கோத்த மணிகளைப்போல் நீலப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு கரு ஒட்டத் தொடங்கிய இடம். அந்த இடத்தில் மட்டும் நுண் இரத்தக் குழாய்களின் சுவர் இளகி, திரவமும் சாயமும் வெளியே கசிகின்றன. கருவைக் கண்ணால் காண முடியாத நேரத்திலேயே அது எங்கே இருக்கிறது என்று இந்தக் கசிவு காட்டிக்கொடுத்துவிடும்.

கனடாவின் கென்னடி 1977-இல் செய்தது இதுதான்: காக்ஸ் நொதியைத் தடுக்கும் இண்டோமெத்தசின் மருந்தை எலிகளுக்குக் கொடுத்துவிட்டுச் சாயத்தைச் செலுத்தினார். நீலப் பட்டைகள் வரத் தாமதமாயின. கசிவுக்குப் புரோஸ்டாகிளாண்டின் வேண்டும் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. மண் நனையாமல் விதை ஊன்ற முடியாது. இரத்தக் குழாயை இளக்கி மண்ணை நனைப்பது இதன் முதல் வேலை.

இரண்டாவது, உட்சுவரின் ஆழத்திலுள்ள திசு உருமாறுவது. ஊசிபோல் மெலிந்திருந்த உயிரணுக்கள் உருண்டு, பருத்து, சத்தைச் சேர்த்து, டெசிடுவா என்ற மெத்தையாகின்றன. கருவுக்கு முதல் உணவும் காவலும் அதுதான். பி.ஜி.ஈ.2 இந்த உயிரணுக்களில் சுழல் ஏ.எம்.பி. என்ற உட்தூதுவின் அளவை உயர்த்துகிறது. உருமாற்றத்தை முடுக்கிவிடுவது அந்தத் தூது. ஆய்வகத்தில் மனிதக் கருப்பைத் திசுவை வளர்ப்பவர்களும் புரோஜெஸ்டிரோனோடு இந்தத் தூதுவைச் சேர்த்துத்தான் டெசிடுவாவை உண்டாக்குகிறார்கள்.

காக்ஸ்-2 இல்லாத சுண்டெலி என்று ஏதோ சொல்கிறார்களே?

துறையைத் திருப்பிப்போட்ட ஆய்வு அது. அமெரிக்காவின் கன்சாஸில் இருந்த சுதன்ஷு தே என்ற இந்திய வம்சாவளி அறிவியலாளரின் குழு 1997-இல் வெளியிட்டது. காக்ஸ்-2 மரபணுவை நீக்கிய பெண் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். கருமுட்டை வெளியாவதில் குறை, கருவுறுதலில் குறை, பதிவதில் குறை, டெசிடுவா உருவாவதில் குறை: தொட்டதெல்லாம் குறை. கருவில்தான் கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அதனால் நல்ல எலியின் ஆரோக்கியமான கருக்கோளங்களைக் கொண்டுவந்து இந்த எலிகளின் கருப்பையில் வைத்துப் பார்த்தார்கள். அவையும் பதியவில்லை. நிலம்தான் பழுது.

காக்ஸ்-1 இல்லாத எலிகளோ நன்றாகவே கர்ப்பமாயின. அவற்றுக்குப் பிரசவத்தில்தான் சிக்கல் வந்தது. ஒரு நொதி வரவேற்புக்கு, மற்றொன்று வழியனுப்புவதற்கு என்று சொல்லிவிடத் தோன்றும். அவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிட வேண்டாம். வேறொரு இனச் சுண்டெலியில் காக்ஸ்-2-ஐ நீக்கியபோது காக்ஸ்-1 ஓரளவு அந்த வேலையை ஏற்றுக்கொண்டதை அதே குழு பிறகு கண்டது.

காக்ஸ்-2 எங்கே தோன்றுகிறது என்பதும் அழகான செய்தி. கரு ஒட்டத் தொடங்கும் நேரத்தில், கருவைச் சுற்றியுள்ள திசுவில் மட்டும் அது தென்படுகிறது. இரண்டு கருக்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் அது இல்லை. விருந்தாளி எந்தத் திண்ணையில் உட்கார்கிறாரோ அங்கே மட்டும் பாய் விரிப்பதைப் போல.

முதலில் சொன்ன மூன்று புரோஸ்டாகிளாண்டின்களில் எலியில் எது முக்கியம்?

புரோஸ்டாசைக்ளின் என்று தே குழு 1999-இல் வாதிட்டது. அதற்கு ஒரு தடை இருந்தது: புரோஸ்டாசைக்ளினின் வழக்கமான ஏற்பி, அதாவது அதன் சமிக்ஞையை வாங்கும் புரதம், இல்லாத எலிகளும் குட்டி போட்டன. அப்படியானால் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள அந்த ஏற்பி வழியாக வேலை நடக்கவில்லை, உட்கருவுக்குள் இருக்கும் பி.பி.ஏ.ஆர். டெல்டா என்ற ஏற்பி வழியாக நடக்கிறது என்றார்கள். பி.ஜி.ஈ.2-க்கு வாக்களிப்பவர்களும் இருக்கிறார்கள். என் கருத்தில் இரண்டுக்கும் பங்குண்டு. எலியில் ஒன்று மேலோங்குவதால் மனிதரிலும் அதுவே மேலோங்கும் என்று கட்டாயமில்லை.

கொஞ்சம் தாமதமாகப் பதிந்தால் என்ன கெட்டுவிடும்?

எலியில் இதற்குத் துல்லியமான விடை இருக்கிறது. அராக்கிடோனிக் அமிலத்தை வெட்டி எடுக்கும் அந்த பாஸ்போலிப்பேஸ் ஏ2 இல்லாத சுண்டெலிகளில் கருக்கள் பதிகின்றன, ஆனால் உரிய நேரம் தாண்டி. தாமதமாகப் பதிந்தவை ஒழுங்கான இடைவெளி விடாமல் ஒரே இடத்தில் நெருக்கியடிக்கின்றன. சிலவற்றின் நஞ்சுக்கொடிகள் ஒட்டிப்போகின்றன. கடைசியில் பிறக்கும் குட்டிகள் குறைவு. இந்த எலிகளுக்கு வெளியிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் கொடுத்தபோது பதியும் நேரம் ஓரளவு சீரானது.

2005-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. எல்.பி.ஏ.3 என்ற ஏற்பியை நீக்கிய எலிகளிலும் இதே தாமதம், இதே நெருக்கடி. காக்ஸ்-2-இன் அளவும் குறைந்திருந்தது. பி.ஜி.ஈ.2-ஐயும் புரோஸ்டாசைக்ளினின் நிலையான வடிவத்தையும் கொடுத்தார்கள். நேரம் சரியாயிற்று, இடைவெளி மட்டும் சரியாகவில்லை. நேரத்தைக் குறிப்பது ஒரு வழி, இடத்தைப் பங்கிடுவது வேறு வழி என்று அதிலிருந்து தெரிந்தது. தாமதமான கரு பிறகு தேறிக்கொள்ளும் என்று நாம் நினைப்போம். தொடக்கத்தில் தவறிய நேரம் கடைசிவரை அலைபோல் பரவுகிறது.

எல்லாம் எலி எலி என்றால், மனிதருக்கு என்ன ஆதாரம்?

நியாயமான கேள்வி. முதலில் ஒரு பெரிய வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். எலியில் கரு வந்து தொட்டால்தான் டெசிடுவா உருவாகும். மனிதரில் கரு வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் இரத்தக் குழாய்களைச் சுற்றி அது உருவாகத் தொடங்கிவிடுகிறது. கரு வரவில்லையென்றால் அந்த விரிப்பைச் சுருட்டி வெளியே போடுவதே மாதவிடாய். எனவே எலியின் விதியை அப்படியே நம்மீது ஒட்டக் கூடாது. மரபணுவை நீக்கிப் பார்க்கும் சோதனையையும் மனிதரில் செய்ய முடியாது.

ஆனாலும் மூன்று ஆய்வுகளைச் சொல்லலாம். ஜெருசலேமில் ஒரு குழு, உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கிக் கருப்பைக்குள் வைக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் திரும்பத் திரும்பக் கரு பதியாமல் போன பெண்களின் உட்சுவரை ஆராய்ந்து 2010-இல் எழுதியது: பாஸ்போலிப்பேஸ் ஏ2, எல்.பி.ஏ.3, காக்ஸ்-2 ஆகியவை அவர்களிடம் குறைந்திருந்தன. எலியில் நீக்கியபோது கோளாறு தந்த அதே பெயர்கள்! ஸ்பெயினின் வலென்சியாவில் 2013-இல், கருப்பைக்குள் ஊறும் திரவத்தில் பி.ஜி.ஈ.2-உம் பி.ஜி.எஃப்.2 ஆல்ஃபாவும் கரு ஏற்கும் நாள்களில் உயர்கின்றன என்று காட்டினார்கள். மூன்றாவது ஹாங்காங்கிலிருந்து வந்தது. அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

இவை எல்லாம் "இது இருக்கும்போது அது இருக்கிறது" என்ற வகைச் சான்றுகள். இதனால்தான் அது நடக்கிறது என்று மனிதரில் நேராக நிறுவியவை அல்ல. துணைச் சாட்சிகள் பலமானவை, நேர்சாட்சி இல்லை. வழக்கு அந்த நிலையில் இருக்கிறது.

கருவுக்கு இதில் பங்கே இல்லையா? வந்து படுப்பது மட்டும்தானா?

இல்லை, கரு கதவைத் தட்டுகிறது. 2012-இல் ஹாங்காங் குழு கண்ட வழி இது: கரு டிரிப்சின் போன்ற ஒரு புரதச் சிதைப்பானை வெளியிடுகிறது. அது கருப்பை உட்சுவரின் மேற்பரப்பிலுள்ள சோடியம் வாயிலைத் திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்ந்ததும் உயிரணுவின் மின்நிலை மாறி, கால்சியம் நுழைகிறது. அது காக்ஸ்-2-ஐ எழுப்பி, பி.ஜி.ஈ.2 வெளிவருகிறது. ஐ.வி.எஃப். தோல்வியடைந்த பெண்களிடம், சிகிச்சைக்குமுன் எடுத்த திசுவில் இந்தச் சோடியம் வாயில் குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

ஒரே பொருள் கருவை ஏற்கவும் மாதவிடாயில் வெளியேற்றவும் பிரசவம் பார்க்கவும் எப்படி முடிகிறது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பதில் நான்கு சொற்களில் அடங்கும்: எது, எங்கே, எவ்வளவு, எப்போது.

எது: பி.ஜி.எஃப்.2 ஆல்ஃபா இரத்தக் குழாயையும் தசையையும் இறுக்குகிறது. புரோஸ்டாசைக்ளின் தளர்த்துகிறது. பி.ஜி.ஈ.2 இரண்டும் செய்யும், ஏனென்றால் அதற்கு நான்கு வகை ஏற்பிகள் உண்டு. இரண்டாம், நான்காம் வகைகள் தளர்த்துகின்றன. முதல், மூன்றாம் வகைகள் இறுக்குகின்றன. சாவி ஒன்றுதான், எந்தப் பூட்டில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு அறை திறக்கிறது.

எங்கே: கரு பதியும்போது வேலை நடப்பது உட்சுவரில், அதுவும் குறிப்பிட்ட ஓரிடத்தில். மாதவிடாய் வலியில் வெளிப்புறத் தசைச்சுவர் முழுவதும் இழுபடுகிறது.

எவ்வளவு, எப்போது என்பதற்குக் காவல்காரர் புரோஜெஸ்டிரோன். அது இருக்கும்வரை தசை அமைதியாக இருக்கிறது. புரோஸ்டாகிளாண்டினைச் சிதைக்கும் நொதியும் நிறைய இருக்கிறது. கர்ப்பம் தங்காத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சரிந்ததும் சிதைக்கும் நொதி குறைந்து, காக்ஸ்-2 கூடி, பி.ஜி.எஃப்.2 ஆல்ஃபா பெருகுகிறது. இரத்தக் குழாய்கள் இறுகி, உட்சுவர் பட்டினியால் உதிர்கிறது. அடிவயிறு பிசைகிறது. நீர் பாய்ச்சினால் பயிர், மடை உடைந்தால் வெள்ளம்.

கிராமத்தில் மாட்டுக்குச் சினைப்பருவம் வர ஒரு ஊசி போடுகிறார்கள். அதுவும் இதுதானாமே?

ஆம், பி.ஜி.எஃப்.2 ஆல்ஃபா அல்லது அதைப் போன்ற மருந்து. மாடு, ஆடு போன்றவற்றில் கரு தங்கவில்லையென்றால் கருப்பையே இந்தப் பொருளைச் சுரந்து, சினைப்பையில் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் கார்பஸ் லூட்டியத்தை அழித்து, அடுத்த சுழற்சியைத் தொடங்கிவைக்கிறது. ஊசி அந்த வேலையை நாம் விரும்பும் நாளில் செய்கிறது. கரு தங்கிவிட்டால் அது இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, "நான் இருக்கிறேன், அழிக்காதே" என்று கருப்பையைத் தடுக்கிறது. வெளியிலிருந்து போடும் ஊசியை அந்தத் தடை நிறுத்தாது. அதனால்தான் ஏற்கெனவே சினையாக இருக்கும் மாட்டுக்கு இந்த ஊசி போட்டால் சினை கலைந்துவிடும்.

மனிதரில் கருப்பைக்கு இந்த அதிகாரம் இல்லை. கருப்பையை அகற்றிய பெண்ணுக்கும், சினைப்பை இருந்தால் அதன் சுழற்சி தன்போக்கில் நடக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த ஊசி மருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைக் கையாளக் கூடாது.

குழந்தைக்கு முயலும்போது வலி மாத்திரை போடலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இது. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், இண்டோமெத்தசின், எட்டோரிகாக்சிப் எல்லாம் காக்ஸ் நொதியைத் தடுப்பவை. கடையில் "வயிற்று வலிக்கு ஒன்று கொடுங்கள்" என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது இவற்றில் ஒன்றுதான்.

இரண்டு நேரங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். முதலாவது, கருமுட்டை வெளியாகும் நேரம். கருமுட்டையைப் பொதிந்திருக்கும் நுண்ணறை வெடித்து அது வெளிவரப் புரோஸ்டாகிளாண்டின் தேவை. அந்த நாள்களில் இந்த மருந்துகளைத் தொடர்ந்து எடுத்தால், ஹார்மோன்கள் எல்லாம் சரியாக இருந்தும் நுண்ணறை வெடிக்காமலே போகலாம். மூட்டுவாதத்துக்காக நாள்தோறும் இவற்றை எடுக்கும் இளம் பெண்களிடம் இது காணப்பட்டிருக்கிறது. மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். கர்ப்பம் தரிக்கவில்லை என்று பல சோதனைகளுக்கு ஓடுவதற்குமுன், மாத்திரைப் பெட்டியை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இரண்டாவது, கரு பதியும் நேரம். இங்கே சான்று அவ்வளவு உறுதியானதல்ல. 2003-இல் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 1,055 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களுக்குக் கருச்சிதைவு 1.8 மடங்கு அதிகம் என்று வந்தது. கருத்தரித்த காலத்தையொட்டி எடுத்தவர்களிடம் ஆபத்து இன்னும் கூடுதல். பாராசிட்டமால் எடுத்தவர்களிடம் அது இல்லை. உயிரியலோடு பொருந்துகிற முடிவுதான். ஆனால் மருந்து எடுத்தவர்கள் மொத்தம் 53 பேர். அவர்கள் எந்த நோய்க்காக எடுத்தார்களோ அந்த நோயே காரணமாக இருக்கலாம். பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் சில இதே முடிவைச் சொன்னன, சில தொடர்பில்லை என்றன.

ஆகவே நான் சொல்வது: கரு ஏற்கும் வாரத்தில் சாதாரணத் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். தெரியாமல் ஒரு இப்யூபுரோஃபென் போட்டுவிட்டேன், அதனால்தான் இந்த மாதம் தங்கவில்லை என்று அழ வேண்டாம். ஒரு மாத்திரையின்மீது அந்தப் பழியைச் சுமத்த யாரிடமும் ஆதாரம் இல்லை. மூட்டுவாதம் போன்றவற்றுக்காக மருந்தில் இருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரோடு பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. அதற்குக் காரணம் வேறு: குழந்தையின் சிறுநீரகமும் பனிக்குட நீரும்.

அப்படியானால் ஆஸ்பிரினை மட்டும் மருத்துவரே ஏன் எழுதிக் கொடுக்கிறார்?

75 மில்லிகிராம் போன்ற சிறிய அளவு பெரும்பாலும் இரத்தத் தட்டணுக்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. கருப்பையின் காக்ஸ்-2-ஐப் பெரிதாகத் தொடுவதில்லை. கர்ப்பகால இரத்த அழுத்த நோயைத் தடுக்க அது பயன்படுகிறது. கரு பதிய உதவுமா என்றால், முன்பு கருச்சிதைவு ஏற்பட்ட 1,228 பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியான பெரிய சோதனையில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் குழந்தைப் பிறப்பில் புள்ளியியல் அளவில் வேறுபாடு இல்லை. உங்கள் சீட்டில் ஏன் எழுதியிருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

கரு வைப்பதற்குமுன் கருப்பைத் தசை அசையாமலிருக்க மருந்து கொடுப்பார்களாமே?

சிலர் கொடுத்துப் பார்த்தார்கள். கரு வைக்கும் நேரத்தில் கருப்பை அடிக்கடி சுருங்கினால் கர்ப்பம் தங்குவது குறைகிறது என்று பாரிஸில் 1998-இல் கண்டறிந்தார்கள். தசையின் புரோஸ்டாகிளாண்டினைக் கட்டுப்படுத்தினால் நல்லதுதானே என்று 2004-இல் கொரியாவில் பைராக்சிகாம் என்ற காக்ஸ் தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. பிறகு நடந்த சோதனைகள் ஒரே குரலில் பேசவில்லை. தசைக்கு வேண்டாத பொருள் உட்சுவருக்கு வேண்டும். ஒரே மாத்திரை இரண்டையும் சேர்த்துத் தடுத்துவிடும். சிக்கல் அங்கேதான்.

உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாகப் பதியும் என்று சொன்னார்கள்.

இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோ லோப் என்பவர் கினிப்பன்றியின் கருப்பையைக் கீறியபோது, கருவே இல்லாமல் டெசிடுவா திரண்டது. காயம் அழற்சியைத் தூண்டும், அழற்சி புரோஸ்டாகிளாண்டினைத் தூண்டும், அது மெத்தையை விரிக்கும் என்ற தர்க்கம் கேட்க நன்றாகவே இருக்கிறது. ஐ.வி.எஃப். மையங்கள் பலவும் சுரண்டத் தொடங்கின. 2019-இல் ஐந்து நாடுகளில் 1,364 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது: சுரண்டியவர்களில் குழந்தை பிறந்தது 26.1 சதவீதம், சுரண்டாதவர்களில் 26.1 சதவீதம். புள்ளிக்குப் பின்னும் ஒரே எண். வலியும் செலவும்தான் மிச்சம்.

விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. சிகிச்சையில் அதைக் கழுவுகிறார்களே, ஏன்?

விந்துத் திரவத்தில் புரோஸ்டாகிளாண்டின் மிக அதிகம். இயல்பான உறவில் அது பிறப்புவழியிலேயே தங்கிவிடுகிறது, விந்தணுக்கள் மட்டும் மேலே நீந்திப் போகின்றன. கழுவாமல் நேராகக் கருப்பைக்குள் செலுத்தினால் கடுமையான பிசைவு வலி வரும்.

அன்னாசி சாப்பிடலாமா? பப்பாளி?

இங்கே ஒரு வேடிக்கை. நம் வீடுகளில் கர்ப்பிணிக்கு அன்னாசியைக் கண்ணில் காட்ட மாட்டார்கள், கலைந்துவிடுமாம். மேல்நாடுகளில் கரு வைத்துக்கொண்ட பெண்கள் அன்னாசியின் நடுத்தண்டைத் தேடிப்போய்ச் சாப்பிடுகிறார்கள், ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டுக்கும் நிரூபணம் இல்லை. பப்பாளியைப் பொறுத்தவரை, காயின் பால் எலியின் கருப்பையைச் சுருங்க வைத்தது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. நன்றாகப் பழுத்த பழத்தில் அப்படிக் காணவில்லை. காயைத் தவிர்க்கலாம். பழத்துக்காகப் பாட்டியோடு சண்டை வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

மீன் எண்ணெய்?

அதிலுள்ள ஒமேகா-3, காக்ஸ் நொதிக்காக அராக்கிடோனிக் அமிலத்தோடு போட்டி போடும் என்பது உண்மை. அதை வைத்துக் கரு பதிவதைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று சொல்வது வியாபாரம்.

கருப்பை உட்சுவர்த் திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களுக்குப் புரோஸ்டாகிளாண்டின் அதிகம் என்றால், அவர்களுக்குக் கரு இன்னும் எளிதாகப் பதிய வேண்டுமே?

கூர்மையான கேள்வி. அங்கே காக்ஸ்-2 ஓயாமல் வேலை செய்கிறது. இடம்மாறி வளர்ந்த திசுவில் பி.ஜி.ஈ.2 ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தூண்ட, அந்த ஈஸ்ட்ரோஜன் மறுபடி பி.ஜி.ஈ.2-ஐத் தூண்டுகிறது. செக்கு மாடு மாதிரிச் சுற்றிக்கொண்டே இருக்கும் சுழல். புரோஜெஸ்டிரோன் சொல்வதை அந்தத் திசு சரியாகக் கேட்பதும் இல்லை. கரு பதியத் தேவையானது, குறிப்பிட்ட ஓரிடத்தில், சில நாள்களுக்கு மட்டும் எழும் சமிக்ஞை. மாதம் முழுவதும் முரசு அறைந்துகொண்டிருந்தால், அழைப்பு எது, ஆரவாரம் எது என்று யாருக்குத் தெரியும்?

என் கருப்பையில் புரோஸ்டாகிளாண்டின் போதுமா என்று சோதித்துப் பார்க்க முடியுமா?

வழக்கமான சிகிச்சையில் அப்படியொரு சோதனை இல்லை. இரத்தத்தில் அளந்தால் கருப்பையில் நடப்பது தெரியாது. கருப்பைத் திரவத்தை எடுத்து அளப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

கரு வைத்து ஏழு நாள் ஆகிறது. அடிவயிற்றில் லேசாக இழுக்கிறது. பதிகிறதா, மாதவிடாய் வரப்போகிறதா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் உட்கொள்ளும் புரோஜெஸ்டிரோனும் இதே உணர்வைத் தரும். வலியின் தன்மையைக் கொண்டு எது என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. வலி தாங்கவில்லையென்றால் மருத்துவமனையை அழையுங்கள். இல்லையென்றால் அவர்கள் குறித்துக் கொடுத்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் தினமும் குச்சிச் சோதனை செய்து மனத்தை வருத்திக்கொள்ள வேண்டாம். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.